லைனுக்கு ஒரே பாஸ்வேர்டு

கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவளுக்கு ஊரில் எல்லோருடைய பாஸ்வேர்டும் தெரியும். அவள் பேர்தான் ஒருத்தருக்கும் தெரியாது. ஏற்காட்டில் எனக்குப் பேர் 'கம்ப்யூட்டர் அக்கா'. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பேக்கரிக்கு மேலே, செங்குத்தான படி ஏறி வந்தால் என் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், பனி இறங்கினால் கூடவே படுத்துக்கொள்ளும் ஒரு நெட் இணைப்பு.

எல்லார் கையிலும் போன் வந்தபோதே நான் கடையை மூடியிருக்க வேண்டும். மூடவிடாமல் காப்பாற்றியதும் அதே போன்தான். 'இடம் இல்லை' என்று அது ஒருநாள் கையை விரிக்கும். உடனே படியேறி வருவார்கள். கிளவுட் என்கிறார்களே, அதில் எங்கேயோ கிடக்கும் படங்களையும் வீடியோக்களையும் என் கம்ப்யூட்டருக்கு இறக்கி, பென்டிரைவிலோ வேறொரு ஐடியிலோ ஏற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. இதே பிழைப்பில் இருக்கிற யாராவது இதைப் படித்தால், முதலில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நடுவில் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும்.

கல்யாணம் ஏறாத பென்டிரைவ்

மிளகும் காப்பியும் போட்டிருக்கிற மலைக்காரப் பெரியவர் ஒருவர், மகள் கல்யாணப் படங்களை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஆல்பம் செய்ய சேலத்துக்குப் போனார். அங்கே திறந்தால் ஒரு படம்கூட இல்லை. திரும்பக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, நேராக என் கடைக்கு வந்து பென்டிரைவை மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பென்டிரைவ் வாங்கியது என்னிடம் என்பதால் கெட்டதும் என்னால்தான் என்பது அவர் கட்சி.

திறந்து பார்த்தேன். அவர் எடுத்துப் போட்டிருந்தவை படங்கள் இல்லை. படங்கள் கிளவுடில் எங்கே இருக்கின்றன என்று காட்டும் குறிகள் மட்டும்தான். விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டு போய் இதுதான் வீடு என்றால், அதில் யார் குடியிருக்க முடியும்? எனக்கு இருக்கிற கொஞ்சநஞ்சப் பொறுமையில் இதை விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அத்தன படமும் ஒரு நொடியில ஏறுச்சுங்க அம்மணி, நம்ம கம்ப்யூட்டரு நல்ல வேகம்னு நெனச்சு நொம்ப சந்தோசப்பட்டனுங்க."

இரண்டு வாசல்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று, அதிலிருந்த பேரன் படங்களையெல்லாம் ஒரே மூச்சில் அழித்துவிட்டார். போனில்தான் அத்தனையும் இருக்கிறதே என்ற தைரியம். சாயங்காலம் போனைத் திறந்தால் அதிலும் பேரன் இல்லை.

கிளவுட் என்பது ஒரே அறைக்கு இரண்டு வாசல் வைத்த மாதிரி. போன் ஒரு வாசல், கம்ப்யூட்டர் ஒரு வாசல். எந்த வாசல் வழியாகப் போய்ச் சாமானைத் தூக்கி எறிந்தாலும் காலியாவது அந்த ஒரே அறைதான். அழித்தது கொஞ்ச நாள் குப்பைக்கூடையில் கிடக்கும் என்பதால் பேரனைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தது இது: "நான் கம்ப்யூட்டர்ல இருக்கறதத்தானம்மா அழிச்சேன், போன்ல இருக்கறதுல கை வைக்கச் சொல்லி உன்கிட்ட யாரு சொன்னா?"

எங்கூருக்காரன்

இந்த இரண்டு வாசலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போவது ஒன்பது வாசல் வைத்த ஓர் அறையின் கதை. நான் இதை நினைத்தால் இன்றைக்கும் ராத்திரிச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வளர்மதி என்ற பெண் வந்தாள். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை. பிறந்த ஊர் அடிவாரம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. புருஷன் சேகர் அதே எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறான். ஒட்டினாற்போல் ஒன்பது லைன் வீடு, அதில் ஒன்றில் மாமியாரோடு குடித்தனம். போனையும் ஒரு பென்டிரைவையும் நீட்டி, "எம்படத்த எல்லாம் எடுத்து இதுல போட்டுக் குடுங்க அக்கா, அடுத்த ஞாயித்துக்கெழம அம்மா ஊட்டுக்குப் போயிருவேன்" என்றாள். ஊருக்குப் போகிற முகமாக அது இல்லை. என்ன விஷயம் என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம், கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது.

எஸ்டேட் ஆபீஸில் தினமும் வேலைக்கு வரும் ஆட்களுக்குப் பேர் போடுகிறவரை ரைட்டர் என்பார்கள். லீவு கொடுப்பதும் அவர், கொடுக்காததும் அவர். அந்த ரைட்டருக்குக் கொஞ்ச நாளாக லைன் வீட்டுச் சங்கதி எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. அதே லைனில் இருக்கும் சரசக்கா காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தார்; அவரிடம், "சேலத்துல எடுத்த சேலை நல்லா இருக்குது" என்றாராம். எஸ்டேட் சில்வர் ஓக் கிளையை வெட்டி அடுப்பு எரித்த வீட்டில், விறகு எந்த மூலையில் அடுக்கியிருக்கிறது என்பது வரை சொன்னாராம். யாரோ உள்ளேயிருந்து போட்டுக்கொடுக்கிறார்கள் என்று லைனே முடிவு கட்டியது. புதிதாக வந்தவள் வளர்மதி. ரைட்டருக்கும் சொந்த ஊர் அடிவாரம். கணக்குச் சரியாகப் போய்விட்டது அவர்களுக்கு. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொள்வார்களாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் சொன்னாள்: "அந்தாளுகிட்ட ஒத்த வார்த்த பேசுனதில்லைங்க அக்கா, எங்கூருக்காரனாப் பொறந்துட்டான், அதுதான் எம்மேல குத்தம்."

கற்பூரம்

மாமியாரும் சரசக்காவும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சேர்வராயன் கோயிலில் கற்பூரத்தை அணைத்து வளர்மதி சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது என்பது ஏற்பாடு. எல்லோரும் தலைக்கொரு காரணம் சொல்லி லீவு வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். எரிகிற கற்பூரத்தின்மேல் வளர்மதி கையை வைத்தாள். "நான் சொல்லலை" என்றாள். வரும் வழியில் மாமியார் அவளுக்குப் பொரி வாங்கிக் கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்து போனது.

மறுநாள் காலையில் பேர் கொடுக்கப் போன பெண்களைப் பார்த்து ரைட்டர் சிரித்தாராம். "என்ன, கோயில்ல சத்தியமெல்லாம் பலமா நடந்துச்சாட்டம் இருக்குதே?" என்று கேட்டாராம். போனது லைன் பெண்கள் மட்டும். ராத்திரிக்குள் அவருக்குச் சொன்னது யார்? சாமி முன்னால் கையைச் சுட்டுக்கொண்ட அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கிறாள் என்று ஆகிவிட்டது. ஆள்காட்டி என்றிருந்தவள் பொய்ச்சத்தியக்காரி ஆனாள். சேகர் என்ன சொன்னான் என்று கேட்டேன். அவன் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தானாம். தீர்ப்புச் சொன்னது மாமியார். அதை வளர்மதி அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "சாமிக்கு முன்னால பொய் சொன்னவளுக்கு எங்கூட்டுல சோறு கெடையாது, வார ஞாயித்துக்கெழம உங்கொம்மா ஊடு போய்ச் சேரு."

எல்லார் அடுப்பும்

உள்ளங்கையில் கொப்புளம் இன்னும் ஆறியிருக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டை ஓங்கித் தட்டினேன். படத்தை இறக்க ஐடி வேண்டுமே, சொல் என்றேன். எஸ்டேட் பேரை முன்னால் போட்ட ஓர் ஐடியைச் சொன்னாள். "இதென்ன, ஆபீஸ் ஐடி மாதிரி இருக்கிறது?" என்றதற்கு, "ரைட்டர் சாருதாங்க போட்டுக் குடுத்தாரு" என்றாள். பாஸ்வேர்டு அதே எஸ்டேட் பேர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. 'உள்ளே வருவது நீங்கள்தானா?' என்று அவள் போன் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள்.

திரையில் படங்கள் வந்து கொட்டின. அவளுடையது பத்தில் ஒன்றுகூட இல்லை. யார் வீட்டுக் குழந்தையோ தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அழுகிறது. யாரோ ஒரு புதுச்சேலையைக் கட்டிலில் விரித்து வைத்து எடுத்திருக்கிறார்கள். மூலையில் அடுக்கிய விறகு, அதன்முன் ஒரு கிழவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். வளர்மதி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "இது சரசக்கா சேலைங்க. இது கடேசி ஊட்டு அடுப்பு. ஐயோ, இது..." என்று நிறுத்தினாள். கற்பூரம் எரிகிறது. அதன்மேல் அவள் கை. சரசக்கா தன் போனில் எடுத்த படம்.

நடந்தது இதுதான். பொங்கலுக்குக் கையில் காசு வந்தபோது, லைனில் ஒன்பது வீட்டுக்காரர்களும் ஒன்றாகச் சேலம் போய் ஒரே மாதிரி போன் வாங்கியிருக்கிறார்கள். போன் எடுத்ததும் மெயில் ஐடி கேட்டது. யாரிடமும் இல்லை. ஆபீஸ் ஐடியையே எல்லார் போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டார் ரைட்டர். அவர்களும் அதற்கு நன்றியாக ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொடுத்திருக்கிறார்கள். லைன் வீட்டில் சிக்னல் கிடையாது. ஆபீஸை ஒட்டிய காப்பிக் களத்துக்கு வந்தால்தான் கிடைக்கும். தினமும் களத்தைத் தாண்டும்போது ஒன்பது போனிலும் எடுத்த படமெல்லாம் ஒரே கிளவுடில் ஏறி, ரைட்டரின் கம்ப்யூட்டரில் வரிசையாக வந்து நின்றிருக்கிறது. அவர்கள் போனிலேயே தெரிந்திருக்குமே என்று கேட்பீர்கள். போனோடு வந்த கேலரியைத் தவிர வேறெதையும் அவர்கள் திறந்ததே இல்லை. அதில் அவரவர் எடுத்தது மட்டும்தான் தெரியும். வளர்மதி திரையையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப ஆள்காட்டிய ஆளுக்கொண்ணு காசு குடுத்து வாங்கி மடியில வெச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கறோமுங்களா அக்கா?"

ரைட்டருக்கு மூன்று டீ

யாருடையது எது என்று பிரிக்க நேரம் இல்லை. மொத்தத்தையும் இறக்கப் போட்டேன். பாதியில் பனி இறங்கியது, நெட் படுத்துக்கொண்டது. வளர்மதியைக் கடைசி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன். திங்கள்கிழமை காலையில் கடையைத் திறந்து மறுபடி ஓடவிட்ட கொஞ்ச நேரத்தில் படியேறி ரைட்டரே வந்தார். புதுக் கம்ப்யூட்டரில் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று அவருக்கும் தகவல் போயிருக்கிறது. ஏற்காட்டில் கம்ப்யூட்டர் என்றால் என்னைத் தவிர யார்?

கரைவேட்டி, கொம்பு மீசை என்று நினைத்துவிடாதீர்கள். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, பேச்சில் அத்தனை பணிவு. "உங்களுக்கு எதுக்குங்க மேடம் இந்த வம்பெல்லாம்? ஆபீஸ் ஐடி அது. இப்பவே போய் பாஸ்வேர்ட மாத்திட்டு, அதுல கெடக்கற குப்பையெல்லாம் சுத்தம் பண்ணிருவேன். நம்ம கம்ப்யூட்டர்லதான் செய்யத் தெரியும், போன்ல எனக்கு வராதுங்க" என்றார். குப்பை என்று அவர் சொன்னதில்தான் ஒன்பது வீட்டுக் குழந்தைகளும் வளர்மதியின் கையும் இருந்தன. என் பக்கம் திரும்பியிருந்த திரையில் இறங்க வேண்டியது இன்னும் பாதி இருந்தது. அவர் இங்கே இருக்கும்வரை அங்கே எதுவும் அழியாது. கீழே பேக்கரிக்குக் குரல் கொடுத்து டீ சொன்னேன். டீ முடிந்தது, பன் சொன்னேன். பன்னுக்கு இன்னொரு டீ. என் வாழ்நாளில் ஓர் ஆளை இவ்வளவு உபசரித்ததில்லை. வாயெல்லாம் கசந்துகொண்டு உபசரித்தேன்.

ஒரு பெண்ணைச் சாமி முன்னால் கையைச் சுட வைத்திருக்கிறார்களே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். படத்தில் பார்த்தாராம். அது உங்களால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அவருக்கு அது விளங்கவே இல்லை. மூன்றாவது டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது கடைசிப் படமும் இறங்கி முடிந்தது. என் முகம் மாறியதைப் பார்த்து அவரும் எழுந்தார். படிக்கட்டில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பாக்கோணும்னு நான் பாக்கலைங்க மேடம், தொறந்தா வருது, கண்ண மூடிக்கிட்டா ஆபீஸ் வேல பாக்க முடியுமுங்களா?"

திருட்டுக்களை

சொன்னபடியே ஆபீஸ் போனதும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். அன்று சாயங்காலம் களத்தைத் தாண்டும்போது ஒன்பது போனும் ஒரே நேரத்தில் முரண்டு பிடித்தன. அவர்கள் களத்தில் இருக்கும் நேரம் பார்த்து நான் சரசக்காவுக்குப் போன் செய்தேன். ஜெராக்ஸ் எடுக்க அடிக்கடி வருகிறவர் என்பதால் நம்பர் என்னிடம் இருந்தது. "உங்கள் போனில் எடுத்த படமெல்லாம் போகப் போகிறது, வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள்" என்றேன். வளர்மதிக்கு நியாயம் கேட்க வாருங்கள் என்றிருந்தால் ஒருத்தி வந்திருக்க மாட்டாள். படம் போகிறது என்றதும் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். வளர்மதியும் வந்தாள். கையில் துணிப்பை. மாமியார் அதைக் கட்டச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்.

ஒவ்வொரு படமாகத் திரையில் காட்டினேன். ரைட்டர் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தது இதைத்தான் என்று சொன்னேன். ஒருத்தி தன் குழந்தையைக் குளிப்பாட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, படத்தில் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்த தன் சேலையை இங்கே உட்கார்ந்தபடி இழுத்துவிட்டுக்கொண்டாள். இனி ரைட்டரைப் போய் நாலு கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தேன். லீவு அவரிடம்தானே வாங்க வேண்டும். அந்தப் பேச்சு ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் ஆறிவிட்டது. அதற்குள் கடைசி வீட்டு அடுப்புப் படத்தில் தன் காணாமல் போன குண்டானை ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். "ஏன்டி, இது எங்கூட்டுதில்ல?" என்று ஆரம்பித்து, என் கடை குழாயடி ஆனது.

இத்தனைக்கும் நடுவில் வளர்மதி சுவரோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "இந்தப் பெண் பொய்ச்சத்தியம் செய்யவில்லை என்று இப்போதாவது தெரிகிறதா? அவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மாமியாரைப் பார்த்துச் சத்தம் போட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வளர்மதியை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "நீ சொல்றது சரிதான் கண்ணு, ஆனா இவ மூஞ்சியில ஒரு திருட்டுக்களை இருந்துச்சா இல்லையா, அதுனாலதான நாங்களும் நம்புனோம்?"

ஒருத்தராவது பொறுப்பாக

ஒன்பது வீட்டுக்கும் தனித்தனி ஐடி போட்டு, அவரவர் படத்தைப் பிரித்து அதில் ஏற்ற மத்தியானத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது, பக்கத்து வீட்டுக்கும் கூடாது என்று ஒவ்வொருத்தரிடமும் படித்துப் படித்துச் சொன்னேன். படங்கள் எங்கே போகின்றன என்று இனியாவது அவர்களுக்குத் தெரியட்டும் என்று, கிளவுடில் இருக்கும் படங்களைக் காட்டும் செயலியைப் போன் முகப்பிலேயே எடுத்து வைத்தேன். போன வருஷம் இதே நாளில் எடுத்த படம் என்று அதுவாகவே எடுத்துக் காட்டும் என்பதையும் சொன்னேன். அது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

வளர்மதியைத் தவிர எல்லோரும் படியிறங்கிய பிறகு சரசக்கா மட்டும் எதையோ மறந்தவர் மாதிரி திரும்பி வந்தார். கற்பூரத்துக்குத் தீப்பெட்டி கொண்டுபோனவர் இவர். ரைட்டர் தன் சேலையைப் பார்த்துவிட்டார் என்று காலையில் என் கடையில் தலையில் அடித்துக்கொண்டவரும் இவர்தான். கதவைப் பாதி சாத்தினார், குரலை இறக்கினார். ரைட்டருக்கு ஏதாவது தண்டனை யோசித்திருக்கிறார் போல என்று நானும் ஆவலாகக் காதைக் கொடுத்தேன். சரசக்கா சொன்னது, ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை: "அந்த எட்டு ஊட்டு பாஸ்வேர்டையும் ஒரு சீட்டுல எழுதி எங்கிட்டக் குடுத்துருங்க அக்கா, லைன்ல ஒருத்தராச்சும் பொறுப்பா இருக்கோணுமுல்லங்க?"

அந்த ஒரு படம்

கடைசியாக மிஞ்சியது வளர்மதி. மாமியார் வீட்டு ஐடி அந்த ஒன்பதில் சேர்த்தி, இவளுக்கென்று தனியாக ஒன்று போட்டேன். அவளுக்கென்று இருந்தவை கொஞ்சம் படங்கள்தான். கல்யாணத்தன்று எடுத்தது, அடிவாரத்து வீட்டு வாசலில் தங்கச்சியோடு எடுத்தது, டிராக்டர்மேல் சேகர் உட்கார்ந்திருப்பது. பாஸ்வேர்டு போடும்போது நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினாள். எனக்கும் தெரியாத ஒரே பாஸ்வேர்டு இந்த மலையில் அதுதான்.

கூட வந்து கீழேயே நின்றிருந்த சேகர் படியேறி வந்து வாசலில் நின்றான். அத்தனை நாளும் வாயைத் திறக்காதவன் அன்றைக்குத் திறந்தான். "அம்மா உன்னையக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுச்சு, போலாமா?" என்றான். அவன் கூப்பிடவில்லை, அம்மா கூப்பிட்டதை வந்து சொன்னான். வளர்மதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போங்க, நான் அடிவாரம் போறேன்" என்றாள். அவன் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போவதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

திரையில் கற்பூரப் படம் மட்டும் யாருக்கும் சேராமல் நின்றது. எடுத்தது சரசக்கா போன். ஆனால் பிரித்துக் கொடுத்தபோது, அது எங்களுடையதில்லை என்று சரசக்காவே ஒதுக்கியிருந்தார். தீயின்மேல் கை, பின்னால் வரிசையாக எட்டு முகம். மாமியார் முகம் நன்றாகத் தெளிவாக விழுந்திருந்தது. அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். வளர்மதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அழவில்லை. கீழே சேலம் பஸ் ஹாரன் அடித்தது. அவள் சொன்னாள்: "அழிக்க வேண்டாங்க அக்கா, அத மட்டும் ஒம்போது ஊட்டு ஐடியிலயும் போட்டு வுட்ருங்க, வருசா வருசம் அதுவாவே எடுத்துக் காட்டட்டும்."

போட்டேன், மனசாரப் போட்டேன்; இந்தத் தொழிலில் எதையும் எங்கிருந்தும் எங்கேயும் மாற்றிவிடலாம், ஒருத்தி தலையில் ஏற்றி வைத்த பழியை இறக்கத்தான் இன்னும் யாரும் பட்டன் வைக்கவில்லை.